சல்லடையில் நின்ற பொடி

காசிராஜன் அண்ணாச்சியின் வண்டி அன்றைக்கு இரண்டாவது முறையாக நின்றபோது மணி பத்தே முக்கால். திருத்தங்கல் தாண்டி நாலு கிலோமீட்டர் இருக்கும். முதலில் லேசாக இருமியது. பிறகு எவ்வளவு மிதித்தாலும் வேகம் இறங்கிக்கொண்டே வந்து, ரோட்டோரப் புளியமரத்தடியில் போய் அடங்கிவிட்டது. நிழலில் நிற்கிற அளவுக்காவது அதற்கு அறிவிருந்தது.

"பத்து நிமிசம் விடுப்பா. அதுவாக் கிளம்பும்," என்றார் பக்கத்து சீட்டில் இருந்த காசிராஜன். அவர் மடியில் ஒரு மஞ்சள் பை இருந்தது. பிள்ளையைப் பிடித்திருப்பதுபோல அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

ஸ்டியரிங்கில் இருந்த பாண்டிச்செல்வம் அந்தப் பையைத்தான் பார்த்தான். அவனுடைய விடுதலை அதற்குள் இருந்தது. விஸ்வநத்தத்தில் இருக்கும் காசிராஜனின் பட்டாசுக் கம்பெனியில் அவன் பத்தொன்பது வருடமாகப் போர்மேன். கம்பெனி வாசலில் தொங்கும் தகர போர்டில் முதலாளி பெயருக்கு அடுத்த வரியில் அவன் பெயர். ஏதாவது வெடித்தால் மறுநாள் பேப்பரில் 'போர்மேன் கைது' என்று போடுவதற்கு வசதியாக எழுதி வைத்த பெயர் அது. பரீட்சை எழுதி அவன் வாங்கிய போர்மேன் சர்டிபிகேட்டின் அசலை, வேலைக்குச் சேர்ந்த அன்றே காசிராஜன் வாங்கித் தன் வீட்டு பீரோவில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கத்தில் அப்படித்தான் வழக்கம். லைசென்ஸ் ஆபீஸ் கணக்கில் பெயரை எடுக்காதவரை, அவன் எங்கே போய் எந்த வேலை பார்த்தாலும் கம்பெனியில் விழுகிற பொறி அவன் தலையில்தான் விழும்.

பெயரை எடுத்துவிடுங்கள் என்று ஏழு வருடமாகக் கேட்கிறான். தீபாவளி கழியட்டும் என்பார். தீபாவளி கழிந்தால் பொங்கல் ஆர்டர் போகட்டும் என்பார். பிறகு இருக்கன்குடி அம்மன் கோயில் ஆடிக் கடைசி வெள்ளி கழியட்டும் என்பார், அதற்குள் அடுத்த தீபாவளி சீசன் வந்து நிற்கும். கோபித்துக்கொண்டு போய்விடவும் முடியாது. அவன் மனைவி ஞானசுந்தரிக்குக் கூடப்பிறந்தவன் இல்லை என்று தெரிந்ததும், "தாய்மாமனா நான் உக்காருதேன்" என்று சொல்லி மகள் ரோஷினியை மடியில் வைத்துக் காது குத்தியவர் அவர். அப்படிப்பட்டவரிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சண்டை போடுவது? சங்கிலி என்றால் அறுக்கலாம். இது பாசம்.

இந்தச் சித்திரையில் என்ன நினைத்தாரோ, மனுசர் சரி என்றுவிட்டார். வேறொரு போர்மேன் கிடைத்துவிட்டானாம். கடிதம் டைப் அடித்தாயிற்று. விருதுநகர் ஆபீஸில் இருவரும் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அதிகாரி ஒரு மணிக்குள் வரச் சொல்லியிருந்தார், அதற்கப்புறம் வெளியூர் கேம்ப். திரும்ப எப்போது நாற்காலியில் இருப்பார் என்பது அவருக்கே தெரியாது. பாண்டிச்செல்வத்துக்காக ஒரு காலண்டர் பிரஸ்ஸில் மிஷின் பராமரிப்பு வேலை காத்திருந்தது. காகிதமும் மையும் மட்டும் இருக்கிற இடம்.

"கையெளுத்து ஆனதும் ஒரு மிஸ்டு கால் குடுங்க. போதும்," என்று காலையில் ஞானசுந்தரி சொல்லி அனுப்பியிருந்தாள். எங்காவது டமார் என்று சத்தம் கேட்டால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடி, எந்தத் திசையில் புகை என்று பார்க்கிற பொம்பளை அவள். பத்தொன்பது வருடமாக அவளுக்கு அதுவும் ஒரு வேலை.

"பத்து நிமிசம் விட்டாக் கிளம்பும். அப்புறம் ஏழெட்டுக் கிலோமீட்டர்ல திரும்ப நிக்கும்," என்றான் பாண்டிச்செல்வம். "இப்படியே போனா ஒரு மணிக்குள்ள போய்ச் சேருவோம்னு என்ன நிச்சயம் அண்ணாச்சி?"

"ஃபில்டரை ரெண்டு தடவ மாத்தியாச்சு. மெக்கானிக் பம்பு போச்சுங்கான்."

"பம்பு போனா நின்னது நின்னதுதான். ஓய்வெடுத்துட்டு ஓடாது. டேங்குக்குள்ள டீசல் உறிஞ்சிற குளாய் நுனியில ஒரு சல்லடை இருக்கும். அதுல என்னமோ அடைக்குது. இஞ்சின் ஓடும்போது குப்பையை இளுத்து மூடிக்கிடுது. நின்னதும் குப்பை கீள விளுந்துரும். திரும்ப ஓடும், திரும்ப மூடும்."

"நீ வெடிமருந்துக்காரனா, மெக்கானிக்காலே?"

"சல்லடைன்னா எனக்குத் தெரியும்லா."

அது வீண்பேச்சு இல்லை. போர்மேன் வேலையில் பாதி சலிப்பதுதான். எந்தப் பொடி எந்தக் கண்ணில் இறங்கும், எது மேலே தங்கும், எதைத் தட்டலாம், எதைத் தட்டவே கூடாது என்று பார்ப்பது. அந்தத் தொழில் அவன் விரலுக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

வண்டி தொண்ணூற்று நாலாம் வருடத்து டீசல் அம்பாசிடர். மகன்கள் ஆளுக்கொரு புது வண்டி வைத்திருந்தார்கள். காசிராஜன் அதில் எதிலும் ஏறமாட்டார். கம்பெனியின் முதல் ஆர்டரை வாங்கிக்கொண்டு இந்த வண்டியில்தான் வீட்டுக்கு வந்தாராம், ராசியான வண்டியாம். கண்ணில் புரை எடுத்ததிலிருந்து அவர் தானே ஓட்டுவதில்லை. டிரைவர் லீவு. அதனால் தன் விடுதலைக்குத் தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகும் பாக்கியம் பாண்டிச்செல்வத்துக்குக் கிடைத்தது.

இறங்கினான். டிக்கியைத் திறக்குமுன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். குனிந்து இரண்டு உள்ளங்கையையும் தரையில் பதித்து எடுத்தான்.

"ஏலே, இது என்ன கோயிலா?" என்று சிரித்தார் காசிராஜன்.

அவனுக்கே வெட்கமாக இருந்தது. மருந்து அறைக்குள் போகுமுன் வாசலில் பதித்திருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கிற மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். நடுரோட்டில் டீசல் டேங்குக்கு அதெல்லாம் தேவையே இல்லை. ஆனாலும் கை கேட்கவில்லை. வீட்டில் சாமி ரூமுக்குப் போகும்போதுகூடச் சுவரைத் தொட்டுவிட்டுத்தான் போகிறான் என்று ரோஷினி கேலி செய்வாள்.

ஸ்டெப்னியை இறக்கி வைத்தான். பாயைச் சுருட்டினான். அடியில் டேங்கின் மேல்மூடி, ஆறு ஸ்குரூ. இரும்பு ஸ்பேனர் மூடியில் பட்டு டங் என்றதும் அவன் தோள் தானாகக் குலுங்கியது. பொறி பறக்காத பித்தளைச் சாமானே பிடித்துப் பழகிய கைக்கு இரும்புச் சத்தம் ஆகாது. ஒவ்வொன்றாகக் கழற்றி, ஸ்குரூக்களை வரிசை மாறாமல் துண்டில் வைத்தான். மூடியைத் தூக்கியதும் டீசல் வாடை குப்பென்று வந்தது. குழாயை மெல்ல உருவினான்.

நுனியில் கட்டைவிரல் அளவுக்குக் கம்பிவலைச் சல்லடை. அதன் கண் ஒன்றுகூடத் தெரியவில்லை. கறுத்த சேறு அப்பியிருந்தது. பிளாஸ்டிக் உறையின் கிழிசல் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.

"பாத்தீகளா? நான் சொல்லல?" என்றான் சந்தோஷமாக. அந்தக் காலையில் அவன் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நிமிடம்தான்.

டிக்கியில் கிடந்த வாளியில் கொஞ்சம் டீசலை எடுத்துச் சல்லடையை அலசினான். பழைய பல் விளக்கும் பிரஷ் ஒன்றால் உள்ளும் புறமும் தேய்த்தான். சேறு கரைந்து இறங்கியது. வாளியைச் சாய்த்துப் பார்த்தபோது கறுப்புக்குள் ஏதோ மினுங்கியது. டீசலின் மேல் மிதக்கும் எண்ணெய் நிறம் என்று முதலில் நினைத்தான். வாளியை வெயிலுக்குக் காட்டினான். அடியில் வெள்ளி படிந்திருந்தது.

விரலை விட்டு எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தான். நறநற என்று எதுவும் இல்லை. முகத்துக்குப் போடும் பவுடரைவிட மெத்தென்று இருந்தது. விரல் ரேகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, துண்டில் துடைத்தால் துண்டுதான் வெள்ளியாயிற்று. அலுமினியப் பொடி. அதிலும் நைஸ் பொடி. விஸ்வநத்தம் கம்பெனியில் இந்த நயத்தில் ஒரு டின்கூட இவன் வாங்கியதில்லை, வாங்க விட்டதும் இல்லை. கொஞ்சம் தடிப்பான தரத்துப் பொடியைத்தான் வாங்குவான். நைஸ் ஆக ஆகப் பொடிக்குக் கோபம் அதிகம்.

"அண்ணாச்சி. இந்த டீசலை எங்கன ஊத்துனீக?"

"பெட்ரோல் பங்குலதான்."

"பங்குல அலுமினியப் பொடி ஊத்துறது இல்ல."

காசிராஜன் மஞ்சள் பையின் காதைத் திருகிக்கொண்டே ரோட்டைப் பார்த்தார். ஒரு லாரி போனது.

"போன வாரம் தாயில்பட்டிப் பக்கம் போனேன். டீசல் தீந்து போச்சு. அங்கன ஒரு காலி டின்னுல வாங்கி ஊத்துனாக."

"தாயில்பட்டியில நமக்கு என்ன இருக்கு?"

"ஒரு ஷெட்டு. தகர ஷெட்டு. ஆட்டுக்கொட்டம் மாதிரி." குரல் இறங்கியிருந்தது. "ஆர்டர் அம்புட்டு நிக்குதுப்பா. விஸ்வநத்தத்துல நீ ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல விடமாட்டேங்கே. பத்து மணிக்கு மேல மருந்து கலக்க விடமாட்டேங்கே. நான் என்னதான் செய்ய? ஒரு வருசமா நடக்குது. நம்மகிட்ட இருந்த சோலைச்சாமிதான் பாத்துக்கிடுதான். பத்துப் பொம்பளையாளு."

சோலைச்சாமி. வயசாகிவிட்டது, ஆடு மேய்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன். பாண்டிச்செல்வம் அவனுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்து அனுப்பியிருந்தான். அடப்பாவி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டான், யாரைச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"அளவு?" என்றான். "என்ன அளவுல கலக்குதான்?"

"உன் அளவுதான். நீ எளுதி ஒட்டி வச்சிருப்பேல்ல சீட்டு, அதுல ஒண்ணு கொண்டுபோயிருக்கான். அதுல ஒரு துளி மாத்துறது இல்ல. அந்த விசயத்துல சோலை கெட்டி." காசிராஜன் இதைச் சமாதானமாகத்தான் சொன்னார்.

"இந்தப் பொடி எப்பருந்து?"

"ஆறு நாளா. பளைய தரம் கிடைக்கல. லோடு வந்ததை இறக்கிட்டோம். பொடி பொடிதானப்பா."

பாண்டிச்செல்வம் வாளியைக் கீழே வைத்தான். அவன் எழுதிய அளவு தடித்த பொடிக்கு. அதே அளவில் நைஸ் பொடியைப் போட்டால் அது வேறு மருந்து. சல்லடையில் ஒரு தட்டு, டின் மூடியில் ஒரு உரசல், தகரக் கூரை இறக்கும் வெக்கை, எது வேண்டுமானாலும் போதும். ஆறு நாள் தப்பித்ததற்குக் காரணம் இருக்கன்குடி அம்மனா என்று கேட்டால் அவன் ஆமாம் என்றிருப்பான். காலைக் குளிர்ச்சியும் ஒரு காரணமாக இருக்கும்.

"காலையில மட்டுந்தான கலக்குதாக?"

காசிராஜன் மணியைப் பார்த்தார். "மத்தியானமும் ஒரு தடவ உண்டு. ஒண்ணரைக்கு, சாப்புட்டு முடிச்சதும்."

உடனே சோலைச்சாமிக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டான்.

"எடுக்க மாட்டான்ப்பா," என்றார் காசிராஜன். "போனெல்லாம் ஒரு பையில போட்டு வேப்பமரத்துல கட்டித் தொங்க விட்டுட்டுத்தான் உள்ள போவாக. சாயந்தரம்தான் எடுப்பாக. நீ போட்ட சட்டந்தானப்பா."

அவன் போட்ட சட்டம்தான். மருந்து இருக்கிற இடத்தில் போன் மணி அடிக்கக் கூடாது என்று பத்து வருடம் கத்திக் கத்திப் பழக்கியவன் அவன். பழகிவிட்டார்கள்.

டேங்கின் அடி நட்டைக் கழற்றி, சுத்தமான டீசல் வரும்வரை கலங்கலை வாளியில் வடித்தான். சல்லடையைத் துடைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தான். ஒவ்வொரு கண்ணிலும் வானம் தெரிந்தது. குழாயை இறக்கி, மூடியைப் போட்டு முடுக்கினான். முன்னால் போய் பானட்டைத் திறந்து, பம்பைக் கையால் குத்திக் குத்தி உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றினான். கை தன் வேலையைத் தானே செய்தது. மனசு தாயில்பட்டிக்கும் விருதுநகருக்கும் நடுவில் கிடந்து அல்லாடியது.

"விருதுநகர் இன்னும் பதினெட்டுக் கிலோமீட்டர்தான்," என்றார் காசிராஜன். "முதல்ல கையெளுத்தைப் போட்டுட்டு வருவோம். அப்புறம் நானே போய் நிறுத்திச் சொல்லிருதேன். இம்புட்டு நாள் ஆகாதது இன்னைக்கா ஆகப்போகுது?"

இம்புட்டு நாள் என்பது ஆறு நாள். பாண்டிச்செல்வத்துக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவன் வண்டியை விருதுநகர் பக்கம்தான் எடுத்தான். இதை மறைக்க வேண்டியதில்லை. பத்தொன்பது வருடம் மூடிக்கிடந்த கதவு ஒரு மணிவரை திறந்திருக்கிறது, அதற்குள் நுழைந்துவிடத்தான் எவனுக்கும் தோன்றும். ஒருமுறை கையெழுத்து ஆகிவிட்டால், அப்புறம் என்ன வெடித்தாலும் அவன் போர்மேன் இல்லை. காலண்டர் பிரஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, சத்தம் கேட்டால் மற்றவர்களைப்போல நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொள்ளலாம். வண்டி நிற்காமல் போனால் பன்னிரண்டுக்குக் கையெழுத்து, ஒண்ணரைக்குள் தாயில்பட்டி என்றுகூட மனசு கணக்குப் போட்டுக் காட்டியது. அந்த ஆபீஸில் எந்தக் கையெழுத்தும் ஒரு மணி நேரத்துக்குள் ஆனதில்லை என்பதை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

வண்டி ஓடியது. ஐந்து கிலோமீட்டர். ஆறு. அவன் காது இஞ்சினிலேயே இருந்தது. ஏழாவதில் இருமும் என்று எதிர்பார்த்தான். இருமவில்லை. எட்டு. புது வண்டி மாதிரி இழுத்துக்கொண்டு போனது. ஒன்பதில் ஆமத்தூர் வந்தது. அப்போதுதான் தன் கால் ஆக்சிலேட்டரை விட்டு விட்டு மிதிப்பதைக் கவனித்தான். வண்டி நின்றுவிட வேண்டும் என்று அவன் வேண்டிக்கொண்டிருந்தான். நின்றால் ஒரு மணிக்குள் போக முடியாது. போக முடியாவிட்டால் திரும்பித்தானே ஆக வேண்டும். முடிவெடுக்கிற வேலையை அந்தக் கிழட்டு வண்டியின் தலையில் கட்டப் பார்த்தான். அதுவோ அவன் கையாலேயே சுத்தமாகிவிட்டது. இனிமேல் அவனுக்காக அது நிற்காது.

ஆமத்தூர் பஸ் ஸ்டாப் எதிரில் வண்டியைத் திருப்பினான்.

"ஏலே பாண்டி, என்ன செய்தே?"

"தாயில்பட்டிக்குப் போறோம் அண்ணாச்சி."

"ஒரு மணிக்கு மேல அந்த ஆபீசர் இருக்க மாட்டாருப்பா. இன்னைக்கு விட்டா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிவகாசி வரும்வரை எதிரே வந்த பஸ்களில் விருதுநகர் என்று போட்டிருந்த ஒவ்வொரு போர்டையும் பாண்டிச்செல்வம் படித்தான். சிவகாசிக்குள் ஒரு கல்யாண ஊர்வலம் ரோட்டை அடைத்துக்கொண்டு சாவகாசமாகப் போனது. முன்னால் ஒருவன் பத்தாயிரம் வாலா சரவெடியைப் பிரித்துக்கொண்டிருந்தான். ஊரே விற்கிற சரக்கு, வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? பாண்டிச்செல்வம் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவில்லை. காசிராஜன் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "வளி விடுங்கய்யா, அவசரம்!" என்று கத்தினார். அவரும் பயந்துபோயிருக்கிறார் என்று அப்போதுதான் இவனுக்குத் தெரிந்தது.

தாயில்பட்டி தாண்டிக் கருவேலங்காட்டுக்குள் மண்பாதை போனது. ஷெட் கண்ணில் பட்டதும் இருநூறு அடி தள்ளியே வண்டியை நிறுத்தினான். சூடான சைலன்சரை அங்கே கொண்டுபோகக் கூடாது. மணி ஒன்று இருபத்தைந்து. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தான். மண் கொதித்தது. ஓடத் தோன்றியது. ஓடவில்லை, கூப்பிடவும் இல்லை. மருந்துக்கு முன்னால் இருப்பவனைத் திடுக்கிட வைப்பதைவிடப் பெரிய தப்பு அந்தத் தொழிலில் இல்லை. வேப்பமரத்தில் துணிப்பை ஒன்று தொங்கியது, உள்ளே ஒரு போனில் சினிமாப் பாட்டு மணி அடித்து ஓய்ந்தது.

உள்ளே சோலைச்சாமி தரையில் விரித்த காகிதத்துக்கு முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தான். கையில் சல்லடை. பக்கத்தில் அலுமினியப் பொடி டின் திறந்திருந்தது. சுவரோரமாகப் பெண்கள் வரிசையாகக் குழாய்களில் மருந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். காலையில் கலந்த மருந்து ஒரு பெரிய தட்டு நிறையச் சாம்பல் நிறத்தில் இருந்தது. கூரைத் தகரம் வெயிலில் பட் பட் என்று விரிந்துகொண்டிருந்தது.

வாசல் மண்ணில் கையைப் பதித்துவிட்டு, தாலாட்டுப் பாடுகிற குரலில் சொன்னான்: "சோலை. நாந்தான். கையில இருக்கிறத அப்படியே கீள வை. தட்டாத. மெள்ள எந்திரி."

சோலைச்சாமி திரும்பிப் பார்த்தான். முகம் மலர்ந்தது. "போர்மேனய்யா! வாங்க!"

"கீள வைப்பா."

வைத்தான். பாண்டிச்செல்வம் மூச்சு விட்டான்.

"தாயி, எல்லாரும் அப்படியே எந்திரிங்க. எதையும் எடுக்காதீக, மூடாதீக. சேலையை இளுத்துச் செருகிக்கிட்டு ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தரா வெளிய போங்க."

ஏன் என்று ஒருத்தி கேட்கவில்லை. போர்மேன் சொன்னால் கேட்க வேண்டும் என்று அவர்களில் பாதிப்பேருக்கு அவன்தான் கற்றுக்கொடுத்திருந்தான். பத்துப் பேரும் வெளியேறி, வண்டி நின்ற இடத்துக்கும் அப்பால் போய் உட்காரும்வரை அவன் வாசலிலேயே நின்றான்.

அப்போதுதான் அதைப் பார்த்தான். உள்சுவரில் அவன் எழுதிய அளவுச் சீட்டு. அவனுடைய குண்டு குண்டான எழுத்து, கீழே அவன் கையெழுத்து, கம்பெனி சீல். கிழியாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் உறையின் மேல் காய்ந்திருந்தது.

"நீங்க இல்லேன்னாலும் இருக்கிற மாதிரிதான்யா," என்றான் பின்னால் நின்ற சோலைச்சாமி. "அதைப் பாத்துக் கும்புட்டுட்டுத்தான் சல்லடையைத் தொடுவேன்."

பாண்டிச்செல்வம் தன் பெயரை எடுக்க விருதுநகருக்குப் போய்க்கொண்டிருந்தான். பெயரோ இங்கே சாமியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எட்டிச் சீட்டைப் பிய்த்து எடுத்தான்.

"எடுத்துக்கோங்கய்யா, பரவால்ல. எனக்கு மனப்பாடம்," என்று சோலைச்சாமி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளைபோல மூச்சு விடாமல் சொல்லிக் காட்டினான். ஒரு எண்கூடத் தப்பவில்லை. சொல்லி முடித்துவிட்டுப் பாராட்டுக்காக நின்றான்.

அவனை வெளியே கூட்டிவந்து பொடி மாறியிருப்பதைச் சொன்னான். சோலைச்சாமி அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

காசிராஜன் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். "நிறுத்தியாச்சுல்ல. விடு. சாயந்தரம் வெயில் தாந்ததும் ஆள் வச்சு அள்ளி எங்கனயாச்சும் கொட்டிருதேன்."

"யாரை வச்சு?"

காசிராஜனின் கண் தானாகச் சோலைச்சாமியிடம் போனது.

"அதை யாரும் தொடக் கூடாது அண்ணாச்சி. தண்ணியும் ஊத்தக் கூடாது, சூடேறிப் பிடிச்சிரும். அதுக்குன்னு உள்ளவுகதான் வரணும்."

"வந்தா?" காசிராஜனின் குரல் உடைந்தது. "வந்தா முதல்ல யாரைக் கேப்பாக தெரியும்லா? ஷெட்டுக்கு லைசென்சே கிடையாது. போர்டுல உன் பேரு. சுவத்துல உன் பேரு." மஞ்சள் பையை அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினார். "இந்தா. அசலு இருக்கு. கடுதாசியும் இருக்கு. அதுல நான் இப்பவே கையெளுத்துப் போட்டுட்டேன். வண்டி நல்லா ஓடுது, எடுத்துட்டுப் போயிரு. ஞானசுந்தரியையும் பிள்ளையையும் கூட்டிட்டு எங்கனயாச்சும் போய் நாலு நாள் இரு. நீ இங்கன வரவே இல்ல. நான் சொல்லிக்கிடுதேன்."

அவர் பொய் சொல்லவில்லை, கண்ணில் தண்ணீர் இருந்தது. ஆனால் பழி போடுவதற்கு ஓடிப்போன போர்மேன் எவ்வளவு வசதியான போர்மேன் என்பதும் பாண்டிச்செல்வத்துக்குத் தெரியும். இரண்டும் ஒரே மனுசனுக்குள் இருந்தன, சலித்துப் பிரிக்க முடியாது.

பையை வாங்கினான். பத்தொன்பது வருடம் கழித்துத் தன் சர்டிபிகேட்டைத் தொட்டுப் பார்த்தான். போட்டோவில் மீசை சரியாக முளைக்காத ஒருவன் இருந்தான். பிய்த்து எடுத்த சீட்டை அதற்குமேல் வைத்துப் பையை மடித்தான். பிறகு போனை எடுத்துத் தீயணைப்பு நிலையத்துக்குப் போட்டான். இடத்தைச் சொன்னான். எவ்வளவு மருந்து, என்ன பொடி, எத்தனை பேர், எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள் என்பதைச் சொன்னான்.

"நீங்க யாரு?" என்று கேட்டார்கள்.

காசிராஜன் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"பாண்டிச்செல்வம். போர்மேன்," என்றான்.

எழுதிக்கொண்டார்கள். யாரும் கிட்டப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நாங்கள் வரும்வரை அங்கேயே இருங்கள் என்றார்கள்.

"இருக்கேன்."

போனைக் காதிலிருந்து எடுத்ததும் அது மறுபடி அடித்தது. ஞானசுந்தரி.

"மணி ஒண்ணே முக்கால் ஆச்சு, மிஸ்டு காலே வரலையேன்னு பாத்தேன். கையெளுத்து ஆச்சாங்க?"

ஷெட்டுக்குப் போகிற பாதையின் குறுக்கே, கொதிக்கிற மண்ணில், வெறுங்காலோடு நின்றிருந்தான். பின்னால் வண்டியில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. காசிராஜன் அதையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆகல," என்றான். "எங்கயும் சத்தம் கேக்கலைல்ல?"

"இல்லையே. ஏன்?"

"ஒண்ணுமில்ல. இன்னைக்கு நான் வர நேரமாகும். நீயும் பிள்ளையும் சாப்புட்டுருங்க."